பின்கயிறு

கரியில் ஓடிய வண்டிகளைப் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் எத்தனை பேர் மிச்சமோ தெரியவில்லை. பார்த்திருந்தால் இதைப் படிக்கும்போதே அந்தப் புகை வாசம் மூக்கில் ஏறியிருக்கும். பார்க்காதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸும் லாரியும் ஓர் இரும்புப் பீப்பாயைச் சுமந்துகொண்டு, அதற்குள் கரியைப் புகையவிட்டு, அந்தக் கேஸில் ஓடின. எங்கள் வீட்டு வண்டியும் ஒரு வருஷம் அப்படி ஓடியது. அந்த ஒரு பலாப்பழக் காலத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேனே தவிர, இதுவரைக்கும் இரண்டு தரம் எழுந்து போய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தாயிற்று. அணைத்துத்தான் இருந்தது. என் சுபாவம் அப்படி. அஞ்சாவது முடிக்காமல் நின்றவள் நான். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறொரு தப்பும் இருக்கிறது. ஒரு மனிதர் அப்பாவிடம் சொல்லச் சொல்லி என்னிடம் ஒரு சேதி சொன்னார். நான் சொல்லவில்லை. அந்தத் தப்பைப் பொறுப்பதா வேண்டாமா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே பாருங்கள்.

எங்கள் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. வாசலில் நின்றால் கிழக்கே கொல்லிமலை சுவர் மாதிரி நிற்கும். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. மேலே விளைந்ததெல்லாம் ஆள் தோளில்தான் இறங்கும். ஆனியிலும் ஆடியிலும் பலா. விடியுமுன்னே கிளம்பி, ஒரு கம்பின் முன்னால் ஒரு பழம் பின்னால் ஒரு பழம் என்று தொங்கவிட்டு, ஒத்தையடிப் பாதையில் இறங்கி, வெயில் ஏறும் நேரத்துக்கு அடிவாரத்து ஓடைக்கரைக்கு வந்து சேருவார்கள். அங்கே அப்பாவின் வண்டி நிற்கும். எங்களுக்குக் காடு தோட்டமும் இருந்தது. ஆனாலும் அப்பாவுக்கு அந்த வண்டிதான் உசிர்.

யாரோ ஒரு பெரிய மனுஷர் ஓட்டித் தேய்த்த பழைய கார் அது. அப்பா அதன் பின்பாதியை அறுத்துப் போட்டுவிட்டு, பலகை அடித்து, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு வைத்து, சாமான் ஏற்றுகிற வண்டியாக்கியிருந்தார். முன்னால் டிரைவரும் அப்பாவும் உட்காருவார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. அதில் ஒரு சாணுக்கு ஓட்டை. அதன் வழியே அப்பா திரும்பித் திரும்பிச் சரக்கைப் பார்ப்பார்.

பெட்ரோல் அடியோடு நின்றதும் சேலத்தில் கரி கேஸ் மாட்டிக்கொண்டு வந்தார்கள். பீப்பாயைப் பலகைமேல் வைத்தால் பழத்துக்கு இடமில்லை. அதனால் இரண்டு சக்கரத்தில் தனியாக ஒரு சின்ன வண்டி செய்து, அதில் பீப்பாயை நிறுத்தி, ஓர் இரும்புச் சட்டத்தால் பின்னால் கோத்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு குழாய் பலகைக்கு அடியில் ஓடி இன்ஜினுக்குப் போகும். எங்கள் வண்டி திரும்பினால் அதுவும் திரும்பும், குதித்தால் அதுவும் குதிக்கும். அம்மா பார்த்துவிட்டு, "கன்னுக்குட்டியக் கட்டி இழுத்தாந்த மாதிரி இருக்குது" என்றாள். அன்றிலிருந்து அதற்குக் கன்னுக்குட்டி என்றே பேர்.

இனி கட்டுக்காரர். மலையிலிருந்து பழம் கொண்டுவருகிறவர்களில் ஒருவர். தன் பழத்தை இறக்கிவிட்டு எங்கள் வண்டிச் சரக்கு முழுவதையும் கட்டிக் கொடுப்பார். அவருக்கு என்ன வயசு என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு அப்போது ஒன்பது. ஒன்பது வயசில் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே வயசுதான். பேர் என்னவென்று நான் கேட்டதில்லை. யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

பலாப்பழத்தை வண்டியில் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது உருண்டையும் இல்லை, நீளமும் இல்லை. ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. கட்டுக்காரர் பெரிய பழங்களைக் காம்பு முன்பக்கம் பார்க்க அடியில் வரிசையாகப் படுக்க வைப்பார். சந்துகளில் சின்னப் பழம். முள் கயிற்றை அறுக்காமல் இருக்க வாழைப்பட்டை. பிறகுதான் கயிறு. மரப்பட்டை நாரில் மலையிலேயே திரித்த கயிறு அது. ஓடையில் அமுக்கி, குமிழி வருவது நிற்கிறவரைக்கும் வைத்திருந்து, சொட்டச் சொட்ட எடுத்துக் கட்டுவார். முன்னால் ஒரு கட்டு, நடுவில் ஒரு கட்டு, கடைசித் தடுப்போடு சேர்த்துப் பின்கயிறு. மொத்தச் சரக்கும் அந்தப் பின்கயிற்றின் மேல்தான் சாய்ந்திருக்கும்.

"நனைஞ்ச கயிறு புதுப்பொண்டாட்டி புடிங்க. விடாது" என்பார்.

"காஞ்சா?" என்று டிரைவர் கேட்டார் ஒருநாள்.

"காயறதுக்குள்ள ஊடு போயிருவமுல்லங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான். அந்தச் சிரிப்பை நான் பிற்பாடு எத்தனை தரம் நினைத்திருக்கிறேன். காய்ந்தால் என்ன ஆகும் என்பதை அவரே சொல்லியிருக்கிறார், அத்தனை பேரும் கேட்டிருக்கிறோம், ஒருத்தர் தலையிலும் ஏறவில்லை. மலையில் அப்படித்தான் சுமை கட்டுவார்கள். பாதையெல்லாம் ஈரமும் நிழலும். கயிறு காய்வதற்குள் சுமை இறங்கிவிடும். பெட்ரோலில் ஓடியவரைக்கும் எங்கள் வண்டியும் ஈரம் உலருமுன்னே சேலம் போய்விடும். ஒரு பழம் விழுந்ததில்லை.

கன்னுக்குட்டி வந்ததும் விழ ஆரம்பித்தது.

முதல் நடையில் இரண்டு பழம் குறைந்தது. வழியில் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. அடுத்த நடையில் அஞ்சு. அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ரோடு குலுக்கியிருக்குமுங்க" என்றாள் அம்மா.

"குலுக்கினா எவன் கட்டு வேணா அவுறும். அவன் கைக்கட்டு தானா அவுறாது. எத்தன வருசமாப் பாக்கறேன்? அவுறணும்னே கட்டியிருக்கான். வழியில பொறுக்கிக்க ஆளு வெச்சிருப்பான்."

அப்பா பொல்லாதவர் இல்லை. கட்டுக்காரரின் கைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் சந்தேகமாகத் திரும்பிவிட்டது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

காவலுக்கு ஓர் ஆளைப் பின்னால் உட்கார வைப்பது என்று முடிவானது. டிரைவர் தன் தம்பியைச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார்.

"நம்ம கண்ணு போதும். இது எல்லாத்துக்கும் பயப்படும். பயப்படற ஆளுதான் காவலுக்கு நல்லது."

"பொட்டப்புள்ளையப் பழத்து மேல ஏத்தி ஊர் ஊராக் கூட்டிப் போறதா? பள்ளிக்கூடம்?" என்றாள் அம்மா.

"ஒரு மாசந்தான. பள்ளிக்கூடம் எங்க ஓடிப் போகுது."

பள்ளிக்கூடம் ஓடத்தான் இல்லை. நான்தான் திரும்பப் போகவில்லை.

டிரைவரின் முதுகுத் தடுப்பை ஒட்டி, கரி மூட்டைமேல் சாக்கு போட்டு எனக்கு இடம். முகம் பின்பக்கம் பார்த்து இருக்கும். சரக்கு, பின்கயிறு, அதற்கு அந்தப்பக்கம் கன்னுக்குட்டி எல்லாம் தெரியும். பலகையை ஒருதரம் தட்டினால் மெதுவாகப் போகணும், இரண்டுதரம் தட்டினால் நிறுத்தணும் என்று பேச்சு.

முதல் நாள் பதினோரு தரம் நிறுத்தினேன். பீப்பாய் மூடி ஓரம் புகை வந்தது, தட்டினேன். வாழைப்பட்டை ஒன்று பறந்தது, தட்டினேன். ஒரு காக்கா வந்து பழத்தின்மேல் உட்கார்ந்தது, அதற்கும் தட்டினேன். கரி வண்டியை நிறுத்துவது லேசில்லை. நிறுத்தினால் அணைந்துவிடும். டிரைவர் இறங்கிப் போய்க் பீப்பாயோடு இருந்த கைவிசிறிச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கங்கு கனிய வைத்து, கேஸ் பிடிக்கிறவரைக்கும் காத்துக்கிடக்கணும். பதினோராவது தரம் அவர் முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும்தான் வெள்ளையாக இருந்தன.

"பாப்பா, உனக்கு எதைப் பாத்தாத்தான் பயமில்லை?"

யோசித்துத்தான் பதில் சொன்னேன். "வண்டி நின்னிருந்தாப் பயமில்லீங்க."

அப்பா இறங்கி வந்தார். திட்டவில்லை. என் தலைமேல் கை வைத்துச் சொன்னார்: "கண்ணு, உழுந்தா மட்டும் தட்டு. உழுகற மாதிரி இருந்தாத் தட்டாத. என்ன?"

சரி என்றேன். அன்றைக்குச் சேலம் போகும்போது இருட்டிவிட்டது. பழம் ஒன்றும் விழவில்லை. அத்தனை தரம் நின்றதில், நின்ற இடமெல்லாம் அப்பா கயிற்றை இறுக்கியிருந்தார். அதையும் யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த நடைக்கு அப்பா ஒரு யோசனை வைத்திருந்தார். கட்டுக்காரர் கட்டி முடித்துக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"ஏப்பா, நீயும் ஏறு. உன் கட்டு எங்க அவுறுதுன்னு நீயே உக்காந்து பாரு."

கட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டார். "பாக்கறனுங்க" என்று ஓடைக்குப் போய் இன்னொரு சுருள் கயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, பின்கயிற்றை இரட்டையாகக் கட்டினார். பிறகு ஏறி, அந்தக் கயிற்றின் பக்கத்திலேயே காலை மடக்கி உட்கார்ந்தார்.

வண்டியில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. கன்னுக்குட்டியை ரொம்ப நேரம் கவனித்தார். குழாய் எங்கே போகிறது என்று என்னிடம் கேட்டார். இன்ஜினுக்குப் போகிறது, அதில்தான் வண்டி ஓடுகிறது என்றேன்.

"எங்க மலையில தாயி கன்னுக்குப் பால் குடுக்கும் சாமி. உங்கூர்ல கன்னு தாயிக்குக் குடுக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வண்டிமேல் உட்கார்ந்து நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. குலுங்கும்போது ஒரு சொட்டு தெறித்துப் பீப்பாய்மேல் விழும். சுர் என்னும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சுர். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. பீப்பாய் வெடிக்கப்போகிறதோ என்று பயமாக இருந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தட்டாமல் இருந்தேன். விழுந்தால்தான் தட்டணும்.

வெயில் உச்சிக்கு வந்தபோது அந்தச் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்த வரியை எழுதிவிட்டு இன்னொரு தரம் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கட்டுக்காரர் விடியுமுன்னே சுமையோடு இறங்கியவர். அனலிலும் ஆட்டத்திலும் கண் சொக்கிப்போய், ஒரு கை கயிற்றின்மேல் கிடக்க, உட்கார்ந்தபடியே தூங்கினார். பின்கயிறு அப்போது நிறம் மாறியிருந்தது. ஈரத்தில் கறுப்பாக இருந்தது வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. முதலில் கயிற்றுக்கும் பழத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பிறகு இரண்டு விரல் போகிற அளவு. ஒவ்வொரு குலுங்கலுக்கும் கடைசி வரிசை தடுப்பின்மேல் ஏறி ஏறி இறங்கியது. என் கை முஷ்டியே நுழைகிற அளவு தொய்ந்ததையும் நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். விழுகிற மாதிரிதான் இருந்தது. விழவில்லை.

அவரையாவது எழுப்பியிருக்கலாம். வாய் வரவில்லை.

அவராகவே விழித்தார். கயிற்றைப் பார்த்ததும் தூக்கம் போய், இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்தார். பல்லால் ஒரு நுனியைக் கடித்து இழுத்தார். இறுக்கத்தான். அந்த நேரம் பார்த்து அப்பா ஓட்டை வழியாகத் திரும்பிப் பார்த்திருக்கிறார். என் காதுக்குப் பக்கத்தில் அவர் குரல் கேட்டது: "டிரைவரே, நிறுத்துங்க. அவுக்கறான்."

டிரைவர் பிரேக் போட்டதும், முன்சக்கரம் ஒரு மதகு மேட்டில் ஏறி இறங்கியதும் ஒன்றாக நடந்தது. கடைசி வரிசை தடுப்பைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு பழமெல்லாம் தண்ணீர் மாதிரி ஓடியது. கட்டுக்காரர் கயிற்றை விடவில்லை. கயிறோடு போனார். பழங்கள் இரும்புச் சட்டத்தின்மேல் விழுந்து கன்னுக்குட்டியின் சக்கரத்துக்கு அடியில் போயின. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, குழாய் பிய்ந்து, ரோட்டில் கவிழ்ந்தது. விழுகிற மனிதர் எதையாவது பிடிக்கக் கை நீட்டுவார் இல்லையா. அவர் பிடித்தது பீப்பாயை.

நான் அப்போதுதான் பலகையைத் தட்டினேன். இரண்டுதரம். வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது.

கங்கெல்லாம் ரோட்டில் கொட்டி, உடைந்த பலாப்பழங்கள் அதன்மேல் கிடந்து வெந்தன. அந்த வாசம் எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம். அன்றிலிருந்து நான் பலாச்சுளை தின்றதில்லை.

கட்டுக்காரர் வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. டிரைவர் குடிதண்ணீரை அதன்மேல் ஊற்றினார். அப்பாவும் பக்கத்தில் நின்றார். குனிந்து அந்த உள்ளங்கையைப் பார்த்தார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நீ அவுத்தத என் கண்ணால பாத்தேன்."

"இறுக்கத்தான் தொட்டனுங்க."

"தொடற வரைக்கும் நின்ன கட்டு, தொட்டதும் எப்படி அவுந்துச்சு?"

"முன்னாலயே தொவண்டு கெடந்துச்சுங்க. ஏன்னு தெரியலீங்க. இந்தக் கண்ணு பாத்திருக்கும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. அவுத்தானா, இறுக்கினானா?"

எல்லாம் அங்கே ஒரு பதிலில் நின்றது. இறுக்கினார் என்று சொல்லலாம். சொன்னால், கட்டு முன்னாலேயே தொய்ந்திருந்தது என்றாகும். அது உனக்குத் தெரியுமா என்பார். தெரிந்தும் ஏன் தட்டவில்லை என்பார். கங்கும் பழமும் அந்தக் கையும் எல்லாம் என் தலைமேல் வந்து விழும். ஒன்பது வயசில் இவ்வளவு கணக்கு ஒரு நொடியில் போட்டேன்.

"புகை கண்ணுல அடிச்சுதுங்கப்பா. நான் பாக்கல."

கட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. குழந்தைக்குப் புகை அடித்திருக்கும் என்று நம்பியே விட்டார் என்று நினைக்கிறேன்.

"சரி. உங்க மலை எட்டுக்கையம்மா மேல சத்தியம் பண்ணு, அவுக்கலைன்னு. விட்டுடறேன்" என்றார் அப்பா.

எங்கள் பக்கம் அது சாதாரணம். ஆடு மேய்ந்ததற்குக்கூடக் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்வோம். கட்டுக்காரர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"அதுக்கெல்லாம் அவளைக் கூப்புடறதில்லீங்க. பழத்துக்குச் சத்தியம் பண்ணினா, நாளைக்கு உசிருக்கு என்னத்தப் பண்றதுங்க?"

அவர்கள் வீட்டு வழக்கம் அது. அப்பாவுக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி கேட்டது. "பாத்தீங்களா டிரைவரே" என்றார். அவ்வளவுதான் விசாரணை. கட்டுக்காரர் எழுந்து, கையை அணைத்தபடியே, வந்த ரோட்டில் மலையைப் பார்க்க நடந்தார். வெயில் சாயவில்லை. நெடுநேரம் அவர் முதுகு தெரிந்துகொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். அப்பாவும் அம்மாவும் காட்டுக்குப் போயிருந்தார்கள். கையில் ஏதோ தழையை அரைத்து வைத்துத் துணி சுற்றியிருந்தது. வாசலில் நின்று, "அப்பாரு இல்லீங்களா கண்ணு" என்றார். இல்லை என்றதும் போய்விடுவார் என்று பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அங்கேயே குந்தினார். அவர் முகம் தெளிவாக இருந்தது.

"அப்பாருகிட்ட ஒண்ணு சொல்றியா? மேல அடுப்புக்கிட்ட ஒரு நனைஞ்ச கயித்தக் கட்டி வெச்சுப் பாத்தேன். காஞ்சதும் ஒரு சாண் நீண்டு போயிருச்சு. அந்தக் கன்னுக்குட்டி அனல்தான் சாமி. பின்கயித்த மட்டும் நனைக்காமக் கட்டணும். காஞ்ச கயிறாக் கட்டணும். முன்கட்டு நடுக்கட்டு நனைச்சாத் தப்பில்லை. இதச் சொன்னீனா அவருக்கே வெளங்கிரும். நான் அவுக்கலைன்னு தனியாச் சொல்ல வேண்டியதில்ல. திருப்பிச் சொல்லு பாக்கலாம்."

திருப்பிச் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகவில்லை.

"கெட்டிக்காரக் கண்ணு" என்று இடது கையால் என் தாடையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அப்பா கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். என்ன கண்ணு என்றார். சொன்னால், கயிறு காய்ந்து வெளுத்ததை நீ பார்க்கவே இல்லையா என்று கேட்பார். ஒன்றுமில்லீங்கப்பா என்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். எல்லா நாளைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குள் அப்பா எங்கள் ஊர் ஆள் ஒருவரைக் கட்டுக்கு வைத்துவிட்டார். அவர் தேங்காய்நார்க் கயிற்றைக் காய்ந்தபடியே கட்டினார். நனைக்கிற வழக்கம் அவருக்குத் தெரியாது. செப்பனிட்டுக் கோத்த கன்னுக்குட்டி அதே அனலோடு பின்னால் வந்தது. ஒரு பழம் விழவில்லை.

"பாத்தியா? அவன் போனான், பழம் நின்னுச்சு" என்றார் அப்பா. அம்மாவிடம் சொன்னார், களத்தில் சொன்னார், சந்தையில் சொன்னார். அவருக்குக் கிடைத்த சாட்சி அது. அது எதற்குச் சாட்சி என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். பேச்சு பரவியதும் அடிவாரத்தில் வேறு வண்டிக்காரர்களும் அவரைச் சுமை தொடவிடவில்லை.

ஆடிக் கடைசியில் சந்தையில் அவரை மறுபடி பார்த்தேன். மிளகு மூட்டையை இடது தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அப்பா கொஞ்ச தூரத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கட்டுக்காரர் என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"சொன்னியா கண்ணு?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"என்ன சொன்னாரு?"

"சரின்னாருங்க."

அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டார். "சரின்னாரா" என்று தனக்குள் சொன்னார். மறுபடியும் ஒருதரம் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. "அது போதும் சாமி."

அது ஏன் அவருக்குப் போதும் என்று நான் யோசித்திருக்கணும். மறுநாள் காலை அடிவாரத்தில் எங்கள் வண்டி போய் நின்றபோது, ஓடைக்கரையில் கட்டுக்காரர் நின்றிருந்தார். துவைத்த வேட்டி. தோளில் ஒரு சுருள் கயிறு. நனைக்காத கயிறு. வேலைக்கு வந்திருந்தார். அப்பா இறங்கியதும் சிரித்துக்கொண்டே எதிரே போனார்.

"இன்னிக்கிக் காஞ்ச கயிறுங்க. பின்கட்டு நானே..."

"திருட்டுக் கையத் தூக்கிக்கிட்டு எந்த மூஞ்சியில வந்த?" என்றார் அப்பா.

நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். மலைக்காரர்கள், எங்கள் ஊர்க்காரர்கள், புதுக் கட்டு ஆள். கட்டுக்காரரின் சிரிப்பு உடனே போகவில்லை. அது கொஞ்ச நேரம் அப்படியே நின்று பிறகு போனது. வண்டியின்மேல் கரி மூட்டையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

இவள் சொல்லவே இல்லைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு நிச்சயம். சொல்லியிருந்தால் அப்பா என்னைக் கேட்டிருப்பார், நானும் அழுது உளறியிருப்பேன். அவர் சொல்லவில்லை. கயிற்றைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பாதை ஏறிப் போனார். அதற்குப் பிறகு இறங்கி வந்ததாக யாரும் சொல்லவில்லை. மெல்ல மெல்ல மற்றவர்களும் பழத்தை வேறு பக்கம் இறக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் வண்டி விலைபோனது. கன்னுக்குட்டி ரொம்ப நாள் எங்கள் களத்தோரம் துருப்பிடித்துக் கிடந்தது. கோழி அதற்குள் அடை படுத்தது.

அப்பா கடைசிவரைக்கும் அந்தக் கதையைச் சொன்னார். பேரன் பேத்திகளுக்குச் சொன்னார், ஏமாறாமல் இருக்கணும் என்பதற்காக. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் பக்கத்தில் பன்னிரண்டு நாள் இருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இவருக்கு அதிர்ச்சி தாங்காது என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

போன வருஷம் மகள் வீட்டார் மலைமேல் இருக்கிற வாசலூர்பட்டிக்குப் படகு பார்க்கக் கூட்டிப் போனார்கள். இப்போதுதான் ரோடு இருக்கிறதே. நான் படகில் ஏறவில்லை, அது உங்களுக்கே தெரிந்திருக்கும். கரையில் மிளகு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன்: முன்காலத்தில் வலது உள்ளங்கையில் தீக்காயத்தோடு இங்கே யாராவது இருந்தார்களா, கட்டுக்காரர் என்று.

"கட்டுக்காரருன்னா யாருங்க? இங்க எல்லாருந்தான் கட்டுவோம். பேரு சொல்லுங்க."

பேர் தெரியாது என்றேன். அவர் பாவப்பட்டு எனக்கு ஒரு கை மிளகு சும்மா கொடுத்தார்.

மகள் பலாப்பழம் கொஞ்சம் அதிகமாகவே வாங்கிவிட்டாள். பழத்தை ஒரு சின்ன லோடு வண்டியில் போட்டு, பஸ்ஸில் எனக்கு இடமில்லாததால் என்னையும் அதிலேயே டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சின்னப் பையன். பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினான். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பின்னால் ஏதோ உருண்ட மாதிரி இருந்தது. விழவில்லை. விழுகிற மாதிரிதான். நான் கையை மடக்கிக் கதவுத் தகரத்தில் இரண்டுதரம் தட்டினேன்.

உடனே ஓரமாக நிறுத்திவிட்டான். "ஏனுங்க ஆத்தா, வாந்தி வருதுங்களா?"

"இல்ல சாமி. பின்னால போயிக் கயித்தப் பாரு."

இறங்கிப் போய்ப் பார்த்தான். ஆட்டிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தான். அப்போது நான் சொன்னேன். ஒன்பது வயசில் திருப்பிச் சொன்னேனே, அதே மாதிரி, ஒரு வார்த்தை பிசகாமல்:

"பின்கயித்த மட்டும் நனைக்காமக் கட்டணும். காஞ்ச கயிறாக் கட்டணும். முன்கட்டு நடுக்கட்டு நனைச்சாத் தப்பில்லை."

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் மரியாதையான பிள்ளை. வண்டியைக் கிளப்பிக்கொண்டே பதில் சொன்னான்.

"இது நைலான் கயிறுங்க ஆத்தா. நனைஞ்சாலும் ஒண்ணுதான், காஞ்சாலும் ஒண்ணுதான்."